குறைபேச்சு இல்லம்

அரசாங்கம் அந்த வீட்டுக்குள் வந்தபோது செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தது. அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த அரசாங்கம். முகத்தில் சிரிப்பும் கையில் சுவரைத் துளைக்கும் மெஷினும் இருந்தன. "எந்தச் சுவர்ல மாட்டலாம்னு நீங்களே சொல்லுங்க. உங்க வீடு இது" என்றது. வீட்டுக்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய கடிகாரத்தைக் கழற்றி வீட்டுக்காரரான லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் கொடுத்துவிட்டு, அங்கே ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தியது. பெட்டி பார்ப்பதற்குச் சோப்பு டப்பா போல இருந்தது.

வந்தவள் குடிமக்கள் மலர்ச்சித் துறையின் வளர்ப்பு ஆலோசகர். பிள்ளை வளர்ப்பில் முதுகலை முடித்தவள்.

"பெத்தவங்க பேசற பேச்சுதான் சார் நாளைய குடிமகன். நீங்க பேசப் பேச உள்ளே வளருது. பேசலைன்னா நின்னுடுது. அவ்வளவுதான். இந்தப் பெட்டிக்கு உங்க ரெண்டு பேர் குரலும் தெரியும். பிள்ளைகிட்ட போதுமான அளவு பேசினா பச்சை எரியும். ஏதோ பேசினா மஞ்சள். சிவப்பு எரிஞ்சா பயப்படாதீங்க, நாங்க வந்துடுவோம்."

"அதுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

ஆலோசகர் ரசித்துச் சிரித்தாள். துறையில் சிரிப்புக்கும் பயிற்சி உண்டு.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். அடிக்க வருகிறவனை எதிர்த்து நிற்கலாம். நல்லது செய்ய வருகிறவனை எப்படி எதிர்ப்பது? பிள்ளை பிறந்த அன்று தொட்டிலும் போர்வையும் கொடுத்தது இந்த அரசாங்கம்தான். ஊசி போட்டது, பால் கொடுத்தது, பார்வை மங்கலாக இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கண்ணாடியும் மாட்டிவிட்டது. இத்தனையும் வாங்கிக்கொண்டு, ஒரு சோப்பு டப்பாவுக்கு மட்டும் மூஞ்சியைத் திருப்பினால் நன்றாகவா இருக்கும்? மெக்கானிக் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினார்.

அன்று மாலையே சிவப்பு எரிந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. மெக்கானிக் பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் இருப்பவர். அங்கே கம்பிக்கயிறு உரசும் ஓசையைத் தவிர வேறு பேச்சுத்துணை கிடையாது. அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. மனைவி குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். காலை தொடங்கி முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, தேன் சொட்டும் குரலில் வருத்தம் தெரிவித்து, தெரிவித்து, வீட்டுக்கு வரும்போது வாயில் ஒரு சொல் மிச்சம் இருக்காது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளை இருவரும் பொடிசு என்று கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டிய அவசியம் வந்தால்.

சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகு மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா காலை நீட்டி அப்பாவின் மடியில் வைத்துக்கொள்வாள். அப்பா அதைப் பிடித்துவிடுவார். பொடிசு மேசைக்கு அடியில் படுத்து ஏதாவது வரைந்துகொண்டிருப்பாள். யாரும் பேசமாட்டார்கள். கோபதாபம் எதுவும் கிடையாது. நிம்மதியாக இருக்கிறவர்களுக்குப் பேசத் தோன்றாது, அவ்வளவே. எப்போதாவது மேசைக்கு அடியிலிருந்து ஒரு கேள்வி வரும்.

"அப்பா, லிஃப்ட்ல யாருமே இல்லாதப்போ அது எங்க நிக்கணும்னு யாரு சொல்வாங்க?"

அப்பா நிதானமாக யோசிப்பார். காலைப் பிடிக்கும் கை நின்றுபோகும்.

"கடைசியா இறங்கினவங்க விட்ட இடத்துலயே நிக்கும்மா."

அதை எடுத்துக்கொண்டு பொடிசு மறுபடி மௌனத்துக்குள் போய்விடுவாள். அந்த ஒரு பதில் அவளுக்கு இரண்டு நாளைக்கு வரும். பெட்டிக்கு அது காணாது.

சிவப்பு எரிந்த மறுநாளிலிருந்து மெக்கானிக் முயற்சி எடுத்தார். அரசாங்கத்துக்குத் துரோகம் செய்யும் எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் நடக்கலைப்பா."

"ஏன் நடக்கலை?"

பொடிசு அவரைக் கவலையோடு பார்த்தாள். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைப்பா."

மனைவி உதவிக்கு வந்தாள். குரலைச் சரிசெய்துகொண்டு மகள் பக்கம் திரும்பியதும், தினசரிப் பழக்கம் முந்திக்கொண்டது. "வணக்கம். உங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?"

"தண்ணி வேணும்மா."

"உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு மஞ்சள் காட்டியது. மூன்று பேரும் கைதட்டினார்கள். தண்ணீர் மட்டும் கடைசிவரை வரவில்லை.

எதிர்வீட்டில் பச்சை அணைந்ததே இல்லை. அங்கே வீட்டுத் தரகரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கண் விழித்ததும் தொடங்கினால் படுக்கும்வரை சண்டை. "உன் வீட்டு லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்பார். "டேய் பெரியவனே, உங்கப்பன் பேசறதைக் கேட்டியா? இந்த வாயை வெச்சுக்கிட்டுத்தான் ஒழுகற வீட்டை எல்லாம் வித்துட்டு வர்றாரு" என்று அவள் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வாள். "நீ கேளுடா, இவ என்னைக்காவது ஒரு வார்த்தை அடங்கியிருக்காளான்னு கேளு" என்று அவரும் பிள்ளைகளையே நடுவராக வைப்பார். பெட்டிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்பாகப் பேசுகிறார்களா, அடித்துக்கொள்கிறார்களா என்று பிரித்துப் பார்க்கும் வசதி அடுத்த கட்டத்தில்தான் வரும் என்று துறை முன்பே சொல்லியிருந்தது.

ஆண்டு முடிவில் அந்த வீட்டுக்கு 'முன்மாதிரி உரையாடல் இல்லம்' என்ற பித்தளைத் தகடு கிடைத்தது. துறையின் இயக்குநரே நேரில் வந்து கதவில் அடித்துவிட்டுப் போனார். போட்டோவுக்கு நிற்கும்போதுகூடத் தரகரும் மனைவியும் உதட்டை அசைக்காமல் சண்டை போட்டார்கள். அதையும் பாராட்டி இயக்குநர் இரண்டு வார்த்தை பேசினார்.

தகடு அடித்த மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றார்கள்.

"ஆன்ட்டி, கொஞ்ச நேரம் இங்க சும்மா இருந்துட்டுப் போகட்டுமா?"

மெக்கானிக்கின் மனைவி ஒன்றும் சொல்லாமல் கதவை அகலமாகத் திறந்தாள். அவர்களுக்கு அதுவே பிடித்திருந்தது.

துறை கைவிடவில்லை. 'குறைபேச்சு இல்லம்' என்று வகைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளரை அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. வந்தவர் அதற்கு முன் விளையாட்டுப் போட்டிகளுக்கு வர்ணனை செய்துகொண்டிருந்தவர். உட்காரும்போதே, "இதோ, உட்காருகிறார்!" என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"சார், உங்க பிரச்சினை எனக்குப் புரியுது. சொல்றதுக்கு விஷயம் வேணும்னு நினைக்கிறீங்க. தப்பு. பெரிய தப்பு. மைதானத்துல மழை பேஞ்சு ஆட்டமே நடக்காதப்போ நான் மூணு மணி நேரம் பேசியிருக்கேன். விஷயமே கிடையாது. தார்ப்பாயைப் பத்திப் பேசினேன். நீங்க என்ன செய்றீங்களோ அதை அப்படியே சொல்லுங்க. கேக்கறவங்க இருக்காங்களான்னு பாக்காதீங்க. பாத்தா பேச்சு வராது."

மெக்கானிக் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். மறுநாள் காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா சோப்பை எடுக்கிறார். கையில் தேய்க்கிறார். அடடா, நழுவிவிட்டது! குனிகிறார். அம்மா வருகிறாள். அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் ஏதோ இருக்கிறது, நேயர்களே."

நாள்பட நாள்பட அது அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வேலை இடத்திலும் நிற்கவில்லை. ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட்டைப் பழுது பார்த்துவிட்டுச் சோதனைக்காக ஆட்களோடு ஏறினார். "மேலே போகிறோம். கயிறு இறுகுகிறது. ஒரு சின்ன அதிர்வு. என்ன அது? பார்ப்போம்!" என்று அவர் சொல்ல, உள்ளே இருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"தம்பி, கயிறு அறுந்தா மட்டும் சொல்லு. மத்தது எதுவும் எங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார் ஒரு பெரியவர்.

வீட்டில் பச்சை எரிந்தது. துறையிலிருந்து வாழ்த்து வந்தது. ஒரு மாலை மெக்கானிக் மேசையைத் துடைப்பதை வர்ணித்துக்கொண்டே கீழே குனிந்து பார்த்தார். பொடிசு அங்கே இல்லை. அவள் கடைசியாக எப்போது கேள்வி கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. எழுந்து தேடினார். துணி அலமாரியின் கதவு லேசாகத் திறந்திருந்தது. இழுத்துப் பார்த்தார். உள்ளே, தொங்கும் சட்டைகளுக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு பொடிசு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரும்.

"உள்ளே என்ன பண்றீங்க?"

"இங்க சத்தம் கம்மியா இருக்குப்பா" என்றாள் பொடிசு. குற்றம்சாட்டும் குரலில் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் அவர் மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா அலமாரியைத் திறக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது. வாயை மூடிக்கொண்டார். சட்டைகளை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, உடம்பைக் குறுக்கி, அவரும் உள்ளே போய் உட்கார்ந்தார். இடம் போதவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து பழையபடி இருந்துக்குவோம்" என்றார்.

"பெட்டி?"

"எரியட்டும்."

எரிந்தது. ராப்பகலாகச் சிவப்பு. வளர்ப்பு ஆலோசகர் ஓடோடி வந்தாள்.

"என்ன சார் இது? நல்லா முன்னேறிட்டு வந்தீங்களே!"

"பிள்ளை என்கிட்ட பேசறதை நிறுத்திட்டாம்மா."

"அதனால என்ன சார்? பிள்ளைங்க பேச்சு இப்போதைக்கு கணக்குல வராது. அவங்க பேசறாங்களா இல்லையாங்கறதை நீங்க பெரிசா எடுத்துக்காதீங்க."

"நான் எடுத்துக்கறேன்மா" என்றார் மெக்கானிக். அவ்வளவு நீளமாக அவர் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். பொடிசை மலர்ச்சி இல்லத்தில் சேர்ப்பதா என்று முடிவெடுக்கும் விசாரணை. மலர்ச்சி இல்லத்தில் பிள்ளை கண் விழிப்பதிலிருந்து தூங்கும்வரை ஆட்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். பெற்றோர் மாதம் ஒருமுறை வந்து தாங்களும் பேசிவிட்டுப் போகலாம்.

"பிள்ளையை எடுத்துக்கப் போறீங்களா?" என்று மனைவி நேராகக் கேட்டாள்.

"ஐயோ மேடம், அந்த வார்த்தையே எங்க துறையில கிடையாது! செழுமைப்படுத்த அழைச்சுக்கிட்டுப் போறோம். வளந்ததும் திருப்பி அனுப்பிடுவோம்."

விசாரணை அறையின் சுவர்கள் வெளிர்மஞ்சள். மேகமும் வானவில்லும் வரைந்திருந்தார்கள். நடுவில் நீளமான மேசை. அதற்குப் பின்னால் இயக்குநர், ஒரு பக்கம் வளர்ப்பு ஆலோசகர், மறுபக்கம் சட்ட உதவியாளர். எதிரே மூன்று நாற்காலிகள். மேலே, எல்லா இடத்திலும் இருப்பதுபோல, ஒரு வெள்ளைப் பெட்டி. இதற்கு யார் குரலும் ஒன்றுதான்.

இயக்குநர் எழுந்து நின்றார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாங்க தண்டிக்கிற துறை இல்லை. அன்பு செலுத்தற துறை. உலகத்துல பெத்தவங்க அன்பு ரொம்பப் பழசு. நான் மறுக்கலை. ஆனா அதுல ஒரு சீர் கிடையாது. ஒரு வீட்டுல கூடுதலா இருக்கும், ஒரு வீட்டுல குறைவா இருக்கும். ஒருத்தர் பாட்டுப் பாடுவார், ஒருத்தர் முதுகைத் தட்டிக்குடுப்பார். இப்படி ஆளுக்கு ஒரு தினுசா வளந்த பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு ஒரு நாடு என்னதான் செய்யும்? சொல்லுங்க! ஒரே மாதிரி நேசிக்கப்பட்ட பிள்ளைங்க வேணும் நமக்கு. நாளைக்கு ஒரு உத்தரவு போட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்துல புரியணும்."

பொடிசு பக்கம் திரும்பிக் குரலை மென்மையாக்கினார். "பாப்பா, நீ பயப்படாதே. உன்னை உங்கப்பா அம்மாவைவிட நல்லா எங்களுக்குத் தெரியும்."

அந்த அறையின் பெட்டியில் பச்சை எரிந்தது.

"கடைசியா, பெத்தவங்க வாக்குமூலம். இது என் காலத்துல நானே கொண்டுவந்த விதி. பெருமையா சொல்லிக்குவேன். நாங்க கேக்கற துறை. பெத்தவங்க பேசும்போது குறுக்கிட மாட்டோம். முடிச்சுட்டேன்னு அவங்க வாயால சொல்றவரைக்கும் இந்த அவை கலையாது, முடிவும் எடுக்காது. சில பேர் அழுவாங்க, சில பேருக்கு வார்த்தை வராது. அந்த அழுகை, தயக்கம், மௌனம் எல்லாத்தையும் வாக்குமூலமாத்தான் எடுத்துக்குவோம். அவ்வளவு மனிதாபிமானம். ம், சொல்லுங்க சார்."

மெக்கானிக் எழுந்தார்.

அவர் எந்தத் திட்டமும் போட்டு வரவில்லை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் வந்தார். எழுந்து நின்றதும் அடுக்கு சரிந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? அவர் எப்போதும் பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறவர். எடுத்துக்கொண்டார்.

அறை காத்திருந்தது. இயக்குநர் தலையைச் சாய்த்து, துறையின் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, பரிவோடு பார்த்தார். அந்தப் பரிவு கொஞ்ச நேரத்தில் வலிக்க ஆரம்பித்துவிட்டது. கன்னத்தைத் தடவிக்கொண்டார். ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்தாள், பின்னால் தள்ளினாள். சட்ட உதவியாளர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

மெக்கானிக்குக் கால் வலிக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் நாளெல்லாம் நின்று பழகிய கால். எதிரே இருப்பவர்களின் முகங்களைப் பார்த்தார். இவர்களுக்கு இது தாங்கவில்லை என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. புரிந்ததும், சொல்ல வேண்டியதைத் தேடுவதை நிறுத்தினார்.

"சார்..." என்றார் இயக்குநர்.

சட்ட உதவியாளர் அவர் காதருகே சாய்ந்தார். "குறுக்கிடக் கூடாதுங்க."

"அவர் எதுவும் பேசலையே!"

"மௌனமும் வாக்குமூலம்தான்னு இருக்குங்க. நீங்க போட்டதுதான்."

வெளியே யாரோ நடந்து போகும் சத்தம் உள்ளே கேட்டது. பொடிசு அம்மாவின் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "அந்த அங்கிளுக்கு ஏம்மா வேர்க்குது?"

இயக்குநருக்கு உண்மையிலேயே வேர்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் இப்படி ஓர் அறையில் அவர் உட்கார்ந்ததில்லை. ஏதாவது ஒரு சத்தம் வேண்டியிருந்தது. அது அவருடைய வாயிலிருந்தே வந்தது.

"நானும் ஒரு அப்பாதான்" என்று ஆரம்பித்தார். "எனக்கும் ஒரு பையன் இருக்கான். எங்க வீட்டுப் பெட்டியில பச்சை அணைஞ்சதே இல்லை. வேலைக்குன்னு வெளியூர் போயிட்டான். இப்பவும் தினம் போன்ல பேசறேன். நானேதான் பேசறேன். அவன் போனை எடுத்து எங்கயோ வெச்சுட்டுப் போயிடறான். எனக்குத் தெரியும். பின்னால குழாய்ல தண்ணி விழற சத்தம் கேக்கும். அவன் பாத்திரம் கழுவிக்கிட்டிருப்பான். நான் விடறதில்லை, பேசிக்கிட்டே இருப்பேன். நிறுத்தினா... நிறுத்தினா அவன் வெச்சுடுவானோன்னு..."

வளர்ப்பு ஆலோசகர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பெட்டி பச்சையாக எரிந்தது.

இயக்குநர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. "இதெல்லாம் பதிவாகுதா?"

"அவை கலையறவரைக்கும் எல்லாமே பதிவாகும்ங்க" என்றார் சட்ட உதவியாளர், வருத்தத்தோடு.

இயக்குநர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் கெஞ்சுவதுபோலக் கேட்டார்: "சார். தயவுசெஞ்சு. முடிச்சுட்டீங்களா?"

மெக்கானிக் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நிதானமாக யோசித்தார். அந்த யோசனை முடிவதற்குள் சட்ட உதவியாளர் பேனா மூடியைத் தொலைத்துவிட்டு மேசைக்கு அடியில் தேடி எடுத்துவிட்டார்.

"இல்லீங்க" என்றார் மெக்கானிக். "இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கேன்."

அலுவலகத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும் நேரம் வந்தது. காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முடிவு எடுக்க முடியாது. எடுக்காதவரை பிள்ளையைத் தொட முடியாது. அவை கலைந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். பொடிசு அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தாள். சட்ட உதவியாளர் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்: விசாரணையை இந்த இடத்திலேயே நிறுத்தி, வாக்குமூலம் தொடர்கிறது என்று குறித்துவிட்டு, இன்னொரு நாள் இதே இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அதுவரை பிள்ளை வீட்டிலேயே இருக்கும்.

"குறிங்க, குறிங்க" என்று இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அடுத்த தடவை வந்து முடிச்சுடுவீங்க இல்ல சார்?"

மெக்கானிக் யோசிக்கத் தொடங்கினார்.

அவர் மனைவி மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். பகலெல்லாம் போனில் கேட்கும் அந்தத் தேன் குரல் அவளிடம் இப்போது இல்லை.

"அவர் முடிச்சதும் நான் பேசணும் சார்" என்றாள். "எனக்கு அவரைவிட நிறைய இருக்கு."

இயக்குநர் மறுபடி உட்கார்ந்தார்.